பெயர் தெரியாதவர் சொன்ன ஓட்டப் பயிற்சியைக் காலில் இறக்குவதற்கு முன்

நான் ஓடத் தொடங்கிய முதல் வருடம், முகம் தெரியாத இரண்டு பேர் இணையத்தில் எனக்கு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இருவருக்கும் ஒரு புனைபெயர் இருந்தது, ஒரு சின்னப் படம் இருந்தது, அவ்வளவுதான். ஒருவர் சொன்னார்: "பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் நீங்கள் வேகமாக ஓடுகிறீர்கள். குறையுங்கள்." இன்னொருவர் சொன்னார்: "முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிப்பது புதிதாக ஓடும் எல்லாருக்கும் வருவதுதான். நிறுத்தினால் திரும்ப வரும். வலியோடு ஓடுங்கள், பழகிவிடும்."

மூன்று கிலோமீட்டரில் மூச்சு வாங்கி நின்றுகொண்டிருந்த நான், முதல் யோசனையால் நான்கே மாதத்தில் பத்து கிலோமீட்டர் ஓடினேன். இரண்டாவதால் என் கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்தது. எட்டு வாரம் ஓட்டம் கிடையாது, முதல் சில வாரம் மாடிப்படி ஏறுவதே பெரும்பாடு.

இருவரின் உண்மைப் பெயரும் தெரிந்திருந்தால் தப்பித்திருப்பேனா? இல்லை. இரண்டையும் ஒரே மாதிரி நம்பியதுதான் என் தவறு. அதற்குப் பிறகு நானே வகுத்துக்கொண்ட முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். புதிதாக ஓட வந்திருப்பவர்களுக்கு இது போதும்.

படி 1: தவறாகப் போனால் எதை இழப்பேன்?

யோசனை சரியா, தவறா என்ற ஆராய்ச்சிக்கு உடனே போக வேண்டாம். இது தவறாக இருந்து, நானும் செய்துவிட்டால் என்ன ஆகும்? முதலில் அதை மட்டும் கேளுங்கள்.

தொடை உரசும் இடத்தில் வாசலின் தடவுங்கள், வேகத்தைக் குறையுங்கள், புது ஷூவைப் போட்டியன்று முதல்முறையாகப் போடாதீர்கள். இவை தவறாகவே இருந்தாலும் ஒரு காலை நேரம்தான் வீண். யார் சொன்னாலும் செய்து பார்க்கலாம், பெயரே வேண்டாம்.

வாரத்தில் இன்னும் இரண்டு நாள் கூட்டுங்கள், மேட்டில் வேகமாக ஓடுங்கள், மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூவுக்கு மாறுங்கள். இவை தவறினால் சில வாரங்கள் போகும். இந்த வகைக்குத்தான் அடுத்து வரும் படிகள்.

எலும்பு, இதயம், சிறுநீரகம், உடம்பின் உப்பு, மருந்து. இந்த ஐந்தைத் தொடும் எதையும் பெயர் தெரியாதவரிடமிருந்து எடுப்பதில்லை என்பது என் முடிவு. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. காரணம் சொல்கிறேன்.

"தாகம் எடுப்பதற்கு முன்பே குடியுங்கள், முடிந்த மட்டும் குடியுங்கள்" என்று ஓடுகிறவர்களுக்குப் பல காலமாகச் சொல்லி வந்தார்கள். கேட்க எவ்வளவு அக்கறையாக இருக்கிறது! 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம், அதாவது ரத்தத்தில் உள்ள உப்பு, இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. மூன்று பேருக்கு அது உயிருக்கே ஆபத்தான அளவு. ஓடும்போது எடை கூடியவர்கள், அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்களே இதில் பெரும்பாலும் மாட்டினார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும் ஆபத்து கூடுதல். நிதானமாக ஓடி, ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடிக்கும் நம்மைப் போன்ற புதியவர்கள்தான் அவர்கள். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் மூளை வீங்கும். வாந்தி, தலைவலி, குழப்பம், வலிப்பு என்று போகும். பார்க்கிறவர்களுக்கு அது வெயிலில் நீர் வற்றிய மயக்கம் போலவே தெரியும். பாவம் என்று இன்னும் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுப்பார்கள்.

போட்டிக்கு முன்பு வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுங்கள் என்பதும் இதே ரகம். ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பல மணி நேரம் வியர்த்து ஓடும்போது அந்த ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும். இதைச் சொல்கிறவருக்கு உங்கள் சர்க்கரை தெரியாது, ரத்த அழுத்தம் தெரியாது, நீங்கள் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதும் தெரியாது.

படி 2: இது யாருடைய உடம்பில் பலித்தது?

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். ஓட்டத்தைப் பற்றிக் கிடைக்கும் தவறான யோசனைகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் யாரோ ஒருவருக்கு உண்மையாக இருந்தவை.

"நிமிடத்துக்கு 180 அடி வைத்து ஓட வேண்டும்" என்று எல்லாரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எங்கிருந்து வந்தது இந்த 180? அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஓட்டக்காரர்களின் காலடிகளை எண்ணிப் பார்த்தார். தொலைதூர ஓட்டக்காரர்கள் அநேகமாக எல்லாரும் 180 அல்லது அதற்கு மேல் இருந்தார்கள். கவனியுங்கள், அவர்கள் உலகின் மிகச் சிறந்த கால்கள், அதுவும் போட்டி வேகத்தில். கடற்கரைச் சாலையில் ஒரு கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் ஓடும் ஒருவருக்கு 160-ஐ ஒட்டி வருவது சாதாரணம். அவர் ஒரே நாளில் 180-க்குத் தாவினால் கெண்டைக்கால் இறுகி, மூச்சும் ஏறி, ஓட்டமே வெறுத்துப்போகும்.

ஆனால் அந்த யோசனையை முழுதாகத் தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். இப்போது நீங்கள் வைக்கும் அடிகளில் ஐந்து சதவீதம் கூட்டினாலே முழங்காலில் விழும் சுமை குறையும் என்று சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். 160 என்றால் 168. அந்த அளவு போதும்.

எளிதான ஓட்டம் 80 சதவீதம், கடினமான ஓட்டம் 20 சதவீதம் என்பதும் அப்படித்தான். நார்வேயில் பணிபுரியும் ஸ்டீஃபன் சைலர் என்ற ஆய்வாளர், உயர்மட்ட வீரர்களின் பயிற்சியைப் பார்த்து எடுத்துச் சொன்னது அது. அவர்களில் பலர் வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் பயிற்சி செய்கிறவர்கள். மூன்று நாள் ஓடும் நமக்கு அந்தக் கணக்கைத் துல்லியமாகப் போட வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் மெதுவாக ஓடுங்கள் என்ற சாரம் மட்டும் போதும்.

அப்புறம் நம் ஊர் வெயில். குளிர்நாட்டில் இருப்பவர் எழுதிய பயிற்சி அட்டவணையில் உள்ள வேகத்தை ஏப்ரல் மாதச் சென்னையில் அப்படியே ஓடப் பார்க்காதீர்கள். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, உடம்பு குளிராது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். பழக்கம் இல்லாத உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பழகிய பிறகும் குளிரில் ஓடும் வேகம் வராது. அட்டவணை போட்டவர் எந்த ஊர், எந்த மாதம் என்று தெரியாவிட்டால் அதில் வேகம் எழுதியிருக்கும் பகுதியை ஒதுக்கிவிட்டு நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "40 நிமிடம் மெதுவாக" என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

படி 3: எண் வந்தால் அதன் பிறந்த ஊரைத் தேடுங்கள்

எண்ணோடு சொன்னால் நமக்கு உடனே நம்பிக்கை வந்துவிடுகிறது. "220-லிருந்து வயதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் அதிகபட்ச இதயத்துடிப்பு" என்பதை ஸ்மார்ட் வாட்ச் வைத்திருக்கும் எல்லாரும் அறிவார்கள். அது கிட்டத்தட்டக் கண்ணளவில் போட்ட கோடு. 1971-இல் வெளியான ஒரு கட்டுரையில், பலருடைய அளவுகளை ஒரே படத்தில் வைத்துப் பார்த்துத் தோராயமாகச் சொன்னார்கள். 2001-இல் இன்னொரு குழு ஏராளமான தரவைச் சேர்த்து, 208-லிருந்து வயதில் 0.7 பங்கைக் கழிக்கச் சொன்னது. நாற்பது வயதுக்கு இரண்டிலும் 180 வரும். அறுபது வயதுக்கு ஒன்றில் 160, இன்னொன்றில் 166. எந்தச் சூத்திரமானாலும் ஒரு தனி மனிதருக்குப் பத்துத் துடிப்பு மேலே கீழே இருப்பது சகஜம். வாட்ச் சிவப்பு காட்டுகிறது என்று பயப்படுவதற்கு முன் பேசிப் பாருங்கள். வாக்கியம் முழுதாக வருகிறதா? சரி, ஓடுங்கள்.

"வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதீர்கள்" என்பதையும் சோதித்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த விதிப்படி 13 வாரப் பயிற்சியும் மற்றதற்கு வழக்கமான எட்டு வாரப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. இரண்டு பிரிவிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். அதற்காக ஒரேயடியாகக் கூட்டலாம் என்று அர்த்தம் இல்லை. 10 என்ற அந்த எண்ணுக்கு மந்திர சக்தி எதுவும் கிடையாது, அவ்வளவுதான். இந்த வாரம் தூங்கினீர்களா, கால் கனக்கிறதா என்பதையும் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

இந்த எண்களில் பல ஆய்வாளர்களிடமிருந்தும் பயிற்சியாளர்களிடமிருந்தும் பெயரோடு வந்தவை என்பதையும் பாருங்கள். பட்டம் இல்லாதவர் சொல்லி பலித்ததும் உண்டு. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் ஆக்லாந்தில் ஷூ தொழிற்சாலையில் வேலை செய்தவர், விளையாட்டு அறிவியல் எதுவும் படித்ததில்லை. வாரத்துக்கு எத்தனை தூரம் ஓடினால் உடம்பு தாங்கும் என்று பல வருடம் தன் காலிலேயே சோதித்துப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சொன்னார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். ஆகவே படிப்பைவிட, எத்தனை வருடம், எத்தனை பேரிடம் சோதித்தீர்கள் என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. லிடியார்டின் வாரத்துக்கு 160 கிலோமீட்டரைப் புதியவருக்கு யாராவது சொன்னால், படி 2-க்குத் திரும்பிப் போங்கள்.

படி 4: உங்களைக் கேள்வி கேட்டாரா?

இதற்கு அதிக நேரம் வேண்டாம். நல்ல யோசனை சொல்கிறவர் முதலில் கேட்பார்: எத்தனை மாதமாக ஓடுகிறீர்கள், வலி எங்கே, எப்போது, முன்பு அடிபட்டதுண்டா? எதையும் கேட்காமல் "எல்லாரும் இதைத்தான் செய்ய வேண்டும்" என்பவரை விட்டுவிடுங்கள். வலியோடு ஓடச் சொன்ன அந்த மனிதர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. பேச்சின் முடிவில் ஒரு பவுடரோ பயிற்சித் திட்டமோ விலைக்கு வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: வலியோடு ஓடிச் சமாளித்தவர்தான் வந்து பேசுவார். எலும்பு உடைந்தவர் ஓட்டத்தையே விட்டிருப்பார், அவர் குரல் உங்களுக்குக் கேட்காது.

படி 5: ஒன்றே ஒன்றை மாற்றி, மூன்று வாரம் எழுதி வையுங்கள்

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். தேதி, தூரம், நேரம், வெயிலா மழையா, எவ்வளவு தூங்கினீர்கள், ஓடும்போது எப்படி இருந்தது, மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கி வைத்த முதல் அடி எப்படி இருந்தது. கடைசியாகச் சொன்னதை மறக்காமல் எழுதுங்கள். ஓடும்போது சூட்டில் மறைந்துபோகும் வலி காலையில் மறையாது.

மாற்றுவது ஒன்று மட்டும். ஷூவையும் மாற்றி, தூரத்தையும் கூட்டி, காலை உணவையும் நிறுத்தினால், பிறகு வந்த நல்லதும் கெட்டதும் எதனால் என்று யாருக்கும் தெரியாது. ஓடத் தொடங்கிய முதல் சில மாதங்களில் எது செய்தாலும் உடம்பு முன்னேறும் என்பதையும் நினைவில் வையுங்கள். பீட்ரூட் சாறு குடித்த மாதத்தில் வேகம் கூடியிருக்கலாம். குடிக்காவிட்டாலும் கூடியிருக்கும்.

நடுவில் இவற்றில் ஒன்று வந்தாலும் சோதனையை அன்றே நிறுத்துங்கள்: ஒரே ஒரு விரலால் எலும்பில் தொட்டுக் காட்டக்கூடிய வலி, நொண்டும்படியான வலி, படுத்திருக்கும்போதும் வலி. பிசியோவிடமோ எலும்பு மருத்துவரிடமோ போங்கள். நெஞ்சு அடைப்பது, ஓடும்போது மயக்கம் வருவது என்றால் நேராக மருத்துவமனை.

ஒரு யோசனையை முழுதாக இந்த வழியில் நடத்திப் பார்ப்போம்

"ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை வெறும் வயிற்றில் ஓடுங்கள், கொழுப்பு கரையும்." பலரும் சொல்வது.

தவறினால் என்ன போகும்? இருபத்தைந்து வயது, நோய் எதுவும் இல்லை, முக்கால் மணி நேர ஓட்டம் என்றால் கொஞ்சம் சோர்வு, அவ்வளவே. ஐம்பது வயது, சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை என்றால் நடு ரோட்டில் சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம். இவருக்கு யோசனை முதல் படியிலேயே முடிந்தது, இனி மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

இளைஞர் மேலே போகலாம். யாருக்குப் பலித்தது? சொன்னவர் பல வருடம் ஓடியவரா என்று தெரியவில்லை. எண் ஏதும் இல்லை. உங்களிடம் எதையும் கேட்கவும் இல்லை. சரி, செய்து பார்ப்பதென்றால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் தொடங்காமல், புதன்கிழமை நாற்பது நிமிட மெதுவான ஓட்டத்தில் தொடங்குங்கள். பாக்கெட்டில் இரண்டு பேரீச்சம்பழம் இருக்கட்டும். துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று புதன்கிழமை எழுதி வைத்த பிறகு, சாப்பிட்டுவிட்டு ஓடிய நாட்களின் பக்கங்களைப் புரட்டி, அருகருகே வைத்துப் படியுங்கள்.