பிள்ளைகளுடன் நீண்ட பயணமா? எங்கும் போகாத நாட்களையும் குறித்து வையுங்கள்

கொழும்பிலிருந்து பிள்ளைகளுடன் மாதக்கணக்கில் வெளிநாடு புறப்படும் குடும்பங்கள், பார்க்க வேண்டிய ஊர்களை எழுதும் அதே தாளில், எங்கும் போகாமல் தங்குமிடத்திலேயே இருக்கும் நாட்களையும் முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு நாட்களாவது தேவை. பாடசாலையும் வேலையும் பிரித்து வைத்திருந்த பெற்றோரும் பிள்ளைகளும் நாள் முழுவதும் சேர்ந்திருப்பது பெரும் பேறுதான். ஆயினும் ஒரே அறையில், இடைவெளியின்றிப் பல வாரங்கள் கழியும்போது, சிறிய விடயங்களுக்கும் சண்டை மூள்வது இயல்பு. ஆகவே அந்நாட்களில் தாயும் தந்தையும் மாறி மாறிச் சில மணி நேரம் தனியே வெளியே சென்றுவருவதும், ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோரில் ஒருவருடன் மட்டும் உலாவப் போவதும் மனத்தை வெகுவாக இலகுவாக்கும். பதின்ம வயதினருக்கு இது இன்னும் அவசியம் என்பது என் உறுதியான கருத்து. பாடங்களையும் துணி துவைப்பதையும் அந்நாட்களின் காலைப் பொழுதுக்கு விட்டுவிடலாம்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ காத்திருக்கும் அம்மம்மாவுடன் பேசுவதற்கும் ஒரு நிலையான நேரம் வேண்டும். கோடைகாலத்தில் ரொறன்ரோவில் காலை 8 மணி என்றால் கொழும்பில் மாலை 5.30 மணி, அது இரு பக்கத்துக்கும் வசதியானது.

கடவுச்சீட்டு இன்னும் 6 மாதங்களுக்காவது செல்லுபடியாக வேண்டும் எனப் பல நாடுகள் எதிர்பார்ப்பதால், பிள்ளைகளுடையதையும் தனித்தனியே பாருங்கள். தடுப்பூசிப் பதிவின் பிரதியையும், வயிற்றோட்டத்தின்போது நீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஜீவனியின் சில பொதிகளையும் கைப்பையிலேயே வையுங்கள். கரைத்த ஜீவனியை 24 மணி நேரத்துக்குப் பின் கொடுக்கக் கூடாது.