கீபோர்டு போனிலிருந்து டச் போனுக்கு: நீலகிரியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

பிளாக்பெர்ரியின் சொந்த இயங்குதளத்தில் ஓடிய போன்களுக்கு அந்த நிறுவனம் 2022 ஜனவரி 4-ஆம் தேதியோடு சேவையை நிறுத்திவிட்டது. நோக்கியா ஈ63, ஈ72 போன்ற கீபோர்டு போன்களில் வாட்ஸ்அப் 2017-லேயே நின்றது. இனி டச் போனுக்கு மாறித்தான் ஆகவேண்டும். மாறும்போது வரிசை முக்கியம்: முதலில் நம்பர்கள், அடுத்து சிம், அதன்பின் கீபோர்டு. பலரும் கடைக்குப் போனதும் சிம்மைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

நம்பர்கள்

எல்லா நம்பரையும் சிம்மில் காப்பி செய்து கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள். சிம்மில் பெரும்பாலும் 250 பெயர்கள் வரைதான் அடங்கும். ஒருவருக்கு மூன்று நம்பர் இருந்தால் சிதறிப்போகும். நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும். தமிழில் பதிந்த பெயருக்கு இடம் இன்னும் குறைவு.

நோக்கியா ஈ வரிசையில் காண்டாக்ட்ஸ், ஆப்ஷன்ஸ், மார்க் ஆல் என்று போய், மெமரி கார்டுக்குக் காப்பி செய்யுங்கள். ஒவ்வொரு பெயரும் நம்பரோடு தனித்தனி விசிஎஃப் (காண்டாக்ட்) ஃபைலாகக் கார்டில் இறங்கும். கார்டு வேலை செய்யவில்லை என்றால், மார்க் செய்தவற்றை அப்படியே புளூடூத்தில் அனுப்பலாம். புதிய போனில் காண்டாக்ட்ஸ் ஆப் வழியாக இம்போர்ட் செய்யும்போது, எங்கே சேமிக்க என்று கேட்கும். 'போன்' என்பதை விட்டுவிட்டு கூகுள் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். நாளை போன் தண்ணீரில் விழுந்தாலும் நம்பர்கள் இருக்கும். இரண்டு போனிலும் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள். பிளாக்பெர்ரி கீஒன், கீ2 இரண்டும் ஆண்ட்ராய்டு போன்கள் என்பதால் இந்தப் பாடு இல்லை. அங்கே நம்பர்கள் கூகுள் கணக்கில் இருந்தால், அதே கணக்கைப் புதிய போனில் போட்டால் போதும்.

சிம்

பழைய பெரிய சிம்மை வெட்டி நானோ அளவுக்குக் கொண்டுவர முடியும். ஆனால் பழைய சிம்மின் தடிமன் 0.76 மி.மீ., நானோ சிம் 0.67 மி.மீ. வெட்டிய சிம் ட்ரேயில் இறுகி, வெளியே எடுக்கும்போது உள்ளே இருக்கும் பின்களை வளைத்துவிடும். மேலும் 2ஜி, 3ஜி காலத்துச் சிம்மில் 4ஜி கிடைக்காமல் போகலாம். ஆதாரோடு போய் அதே நம்பருக்குப் புது சிம் வாங்குவதே சரி.

புது சிம் உயிர் பெற்றதிலிருந்து 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க அரசு வைத்திருக்கும் விதி இது. அந்த ஒரு நாள் வங்கி ஓடிபி கிடையாது. யூபிஐ ஆப்பைப் பதிவு செய்யவும் முடியாது, ஏனென்றால் அது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் நம்பரை உறுதி செய்கிறது. ஆண்ட்ராய்டில் புதிதாகப் பதிவு செய்த முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்பவும் முடியாது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு போகும் நாளிலோ, தோட்டத்தில் கூலி கொடுக்கும் நாளிலோ சிம்மை மாற்றாதீர்கள். யூபிஐ பதிவை நல்ல டவர் கிடைக்கும் இடத்தில் நின்று செய்யுங்கள். அரைகுறை சிக்னலில் அந்த எஸ்எம்எஸ் தாமதமாகி, பதிவு தோற்றுக்கொண்டே இருக்கும்.

கீபோர்டு

பட்டன் கீபோர்டில் கட்டைவிரலை எழுத்தின் மேல் சும்மா வைத்திருக்கலாம், தடவிப் பார்த்துவிட்டு அழுத்தலாம். கண்ணாடியில் தொட்டாலே எழுத்து விழுந்துவிடும். அதனால்தான் வேகமாக டைப் செய்து பழகியவர்களே முதலில் அதிகம் தடுமாறுகிறார்கள். கூகுளின் கீபோர்டு ஆப்பான ஜிபோர்டின் செட்டிங்ஸில் கீபோர்டின் உயரத்தைக் கூட்டுங்கள். எழுத்தைத் தொடும்போது அதிர்வும், பெரிதாக எழும்பிக் காட்டும் வசதியும் இயங்கட்டும். விரலை இழுத்து எழுதும் முறையை முதல் மாதம் அணைத்து வையுங்கள். நோக்கியாவின் நடுப் பட்டன், பிளாக்பெர்ரியின் டிராக்பேட் செய்த வேலையை இங்கே ஸ்பேஸ் பார் செய்கிறது: அதன் மேல் விரலை இடவலமாக நகர்த்தினால் கர்சர் எழுத்து எழுத்தாக நகரும். நிறைய பேருக்கு இது தெரியாமல், நடுவில் ஒரு எழுத்தைத் திருத்த வரி முழுவதையும் அழிக்கிறார்கள்.

இதுவரை தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தவர்களுக்கு ஆங்கில எழுத்தில் அடிப்பதைத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு கீபோர்டு உடனே கைவரும். எழுத்துகள் பழைய இடத்திலேயே இருக்கின்றன. தினமும் தமிழில் நிறைய எழுதுபவர்கள் தமிழ் 99 கீபோர்டு முறையைப் பழகுவது நல்லது. தமிழக அரசு 1999-இல் ஏற்ற முறை இது. செல்லினம் ஆப்பில் கிடைக்கும். பல இடங்களில் புள்ளி தானே விழும். 'குந்தா' என்று எழுத க, உ, ந, த, ஆ என ஐந்து தட்டல் போதும். எந்த முறையானாலும் ஆட்டோ கரெக்ஷனை அணையுங்கள். அது ஹட்டிகளின் (படுகர் ஊர்களின்) பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவைக்காது. அடிக்கடி எழுதும் பெயர்களைப் பர்சனல் டிக்‌ஷனரியில் சேர்த்துவிட்டால் இரண்டு எழுத்திலேயே மேலே வந்து நிற்கும்.

பேசிக்கொண்டிருக்கும்போது கன்னம் பட்டு கால் கட் ஆகிறதா? கன்னம் அருகே வந்ததும் திரையை அணைக்கும் சென்சார் மேல்விளிம்பில் இருக்கிறது; மலிவான டெம்பர்டு கிளாஸ் அதை மறைத்திருக்கலாம். கிளாஸை மாற்றுங்கள். அழைப்பைக் கட் செய்ய ஒரு நிஜப் பட்டன் வேண்டும் என்றால், செட்டிங்ஸின் அக்சஸபிலிட்டி பகுதியில் பவர் பட்டனால் அழைப்பை முடிக்கும் வசதி இருக்கிறது.

மழை, மஞ்சு, உறைபனி

டச் திரை விரலின் மின்னூட்டத்தை உணர்ந்து வேலை செய்கிறது. கம்பளிக் கையுறை அதைத் தடுக்கும். மழைத்துளி விழுந்தால் திரை அதையும் விரலாக எண்ணி, கண்ட இடத்தைத் திறக்கும், யாருக்காவது கால் போடும். ஜூன் முதல் கூடலூர், பந்தலூர் பக்கமும், ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் இது அன்றாடத் தொல்லை. மெல்லிய ஜிப் கவரில் போனை வைத்து, கவர் திரையோடு ஒட்டியிருக்கும்படி பிடித்தால் மேலிருந்தே தொடலாம். திரையைத் துடைக்கப் பருத்தித் துணியே சரி. ஸ்வெட்டர் ஈரத்தைப் பரப்பத்தான் செய்யும். நுனியில் மின்கடத்தும் நூல் வைத்த கையுறைகள் கடைகளில் கிடைக்கின்றன. சாம்சங் போன்களில் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் தொடு உணர்திறனைக் கூட்டவும் வழி உண்டு.

கொழுந்து பறிக்கும் விரலும் கேரட் கழுவும் விரலும் கைரேகை சென்சாரைத் திணறடிக்கும். ஒரே விரலை இரண்டு முறை பதியுங்கள், ஒன்று உலர்ந்த கையோடு, இன்னொன்று வேலை முடிந்த கையோடு. போனைத் திறக்கும் பின் (PIN) நம்பர் நினைவில் இருக்கட்டும்.

ஊட்டி அருகே தலைகுந்தாவில் உறைபனியில் புல் வெளுக்கும் ஜனவரிக் காலையில் பேட்டரி சார்ஜ் மீதம் இருக்கும்போதே போன் அணையலாம். குளிரில் பேட்டரியின் உள்தடை கூடுவதுதான் காரணம். சட்டையின் உள்பையில் வைத்தால் மீண்டும் எழும். பூஜ்ய டிகிரிக்குக் கீழே குளிர்ந்துபோன போனை அப்படியே சார்ஜில் போடாதீர்கள், அறைச்சூட்டுக்கு வரட்டும். ஊட்டிக் குளிரிலிருந்து மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் கேமரா லென்ஸ் வியர்க்கும், அதே ஈரம் சார்ஜர் துளையிலும் இருக்கும். சற்று நேரம் பொறுத்து ஒயரைச் சொருகுங்கள்.

சிக்னல் இல்லாத சரிவுகளில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும். அங்கே வேலை செய்யும் நேரத்தில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மரம் விழுந்து கரண்ட் போகும் மாதங்களில் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பழைய நோக்கியாவை ஏர்டெல் அல்லது பிஎஸ்என்எல் சிம்மோடு 2ஜியில் பேச மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஜியோ சிம் அதில் எடுக்காது. பரணில் வைப்பதானால் பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றித் தனியே வையுங்கள். அது உப்பியிருந்தால் மறுபடி போடவே வேண்டாம்.