ரிமோட் டாங்கியில் மெட்டல் டிராக் மாட்டுவதற்கு முன்பு

நிஜ டாங்கியில் பதினாறில் ஒரு பங்கு அளவில் ஹெங் லோங் கம்பெனி செய்யும் 1/16 ரிமோட் டாங்கி ஒன்று கைக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் முதலில் ஆசை வருவது மெட்டல் டிராக் மேல்தான், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் உலோகச் சங்கிலிப் பட்டை மேல். தப்பில்லை. பிளாஸ்டிக் டிராக் பார்க்கவே பொம்மை மாதிரி இருக்கும், மெட்டல் டிராக் சிமெண்டுத் தரையில் உருளும்போது வருகிற அந்தக் கடகடச் சத்தத்துக்காகவே காசு கொடுக்கலாம். ஆனால் "அண்ணே, ஒரு பக்கம் ஓடவே மாட்டேங்குது" என்று தூக்கிக்கொண்டு வருகிற டாங்கிகளில் பெரும்பாலும் கதை அந்த டிராக்கில்தான் ஆரம்பித்திருக்கும்.

வண்டி நேராகப் போகிறவரை ஒன்றும் தெரியாது. நின்ற இடத்திலேயே திரும்பும்போதுதான் கனமான டிராக் தரையைப் பக்கவாட்டில் உரச, அந்த எதிர்ப்பு முழுவதும் டிராக்கை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லுக்கு வருகிறது. ஸ்ப்ராக்கெட் பிளாஸ்டிக் என்றால் பல் தேய்ந்து டிராக் கழன்றுவிடும். சரி என்று ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மெட்டலாக்கினால் உள்ளே கியர்பாக்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் கியர் போகும், கியரையும் மாற்றினால் கியர்பாக்ஸைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் ஸ்குரு தூண்கள் விரிசல் விடும். ஒரு பாகத்தை வலுவாக்கினால் சுமை எங்கேயும் போய்விடாது, அடுத்து எது மெலிந்ததோ அங்கே போய் உட்காரும். அதனால் உடைந்த பாகத்துக்குப் பதில் அதே பாகத்தை வாங்கி மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று மூடுவதுதான் நான் பார்க்கிற தவறுகளிலேயே பெரியது. ஏன் உடைந்தது என்று பார்க்காமல் மூடினால் அதே இடத்தில் திரும்பவும் உடையும்.

பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செலவு செய்ய முடியும் என்றால் வரிசை இதுதான்: முதலில் ஸ்டீல் கியர்பாக்ஸ், அப்புறம் ஸ்ப்ராக்கெட்டும், மறுமுனையில் டிராக்கைத் தாங்கும் சக்கரமான ஐட்லரும் சேர்த்து, கடைசியில் டிராக். டிராக்கைக் கம்பி போல இறுக்கி மாட்டாதீர்கள், மேல்பக்கம் சற்றுத் தொய்வு வேண்டும். இறுக்கினால் மோட்டார் சூடாகும், ஐட்லர் தண்டு உள்பக்கம் சாயும். டிராக்கின் ஒரு துண்டான லிங்க்கைக் கழற்ற, அதைக் கோர்த்திருக்கும் ஊசியைத் தட்டும்போது எந்தப் பக்கத்திலிருந்து தட்டுகிறோம் என்று பாருங்கள். நிறைய டிராக்குகளில் ஊசியின் ஒரு முனையில் சொரசொரப்பாக வரி போட்டிருக்கும். வழவழப்பான முனையிலிருந்து தட்டி, வரி உள்ள முனை முதலில் வெளியே வருகிற மாதிரி எடுக்க வேண்டும். தலைகீழாகத் தட்டினால் லிங்க்கின் ஓட்டை பெரிதாகி, பிறகு ஊசி ஓட்டத்தில் தானாகவே நழுவி வெளியே வரும்.

கியர்பாக்ஸ் வாங்கும்போது 3:1, 4:1, 5:1 என்று போட்டிருப்பார்கள். எண் குறைந்தால் வேகம், கூடினால் இழுவை. நம் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு 3:1 வாங்குகிறார்கள். மெட்டல் டிராக்கோடு அதைப் போட்டால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், மோட்டாரை இயக்கும் மின்பலகையான போர்டு சூடாகும். நிஜ டைகர் டாங்கி நல்ல சாலையிலேயே மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர்தான் ஓடியது, 16-ஆல் வகுத்தால் 2.5 கிலோமீட்டர், அதாவது நாம் நடக்கிற வேகத்தைவிடக் குறைவு. டாங்கி மெதுவாக ஊர்ந்தால்தான் டாங்கி, ஓட வேண்டும் என்றால் கார் வாங்கிக்கொள்ளலாம்.

இதே ஆசையில்தான் சிலர் பெரிய 480 மோட்டார் போடுகிறார்கள். மோட்டார் சுற்ற முடியாமல் திணறும் கணத்தில்தான் மிக அதிகக் கரண்ட் இழுக்கும். கல்லிலோ நாற்காலிக் காலிலோ முட்டி நிற்கும்போது விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் கம்பெனி போர்டில் உள்ள சின்ன டிரான்சிஸ்டர்கள் தாங்காது. புகை வாசனை வந்த பிறகு சுவிட்சை அணைத்துப் பயனில்லை. புது மோட்டார் போட்டதும் டாங்கி தானாகத் துள்ளினாலோ மேலே சுழலும் பீரங்கிக் கூண்டான டர்ரெட் நடுங்கினாலோ ரிமோட்டைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் மோட்டார் கிளப்பும் மின் குறுக்கீடுதான் காரணம். 104 என்று அச்சடித்த செராமிக் கெபாசிட்டரை மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவில் சோல்டர் செய்தால் பல சமயம் அடங்கிவிடும். கோலாலம்பூரில் இருப்பவர்கள் புடு பக்கம் ஜாலான் பாசார் கடைகளில் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். பினாங்கில் கேட்கவே வேண்டாம், பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் சோல்டரிங் பழகிய கை ஏதாவது ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருக்கும்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். பழைய டாங்கிகள் 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரியோடு வந்தன, இப்போது வருபவை 7.4 வோல்ட் லித்தியம். பழைய சார்ஜரைப் புது லித்தியத்தில் செருகுவதும், இரவு முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவதும் அடுக்குமாடி வீட்டில் செய்யக்கூடாத வேலை. இன்னொரு பக்கம், நிக்கல் காலத்துப் போர்டில் லித்தியம் போட்டால் பேட்டரி தீரும்போது நிறுத்தச் சொல்ல அந்தப் போர்டுக்குத் தெரியாது. ஒரு செல் 3 வோல்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் பேட்டரி கெட்டுப்போகும், பிறகு அதைச் சார்ஜ் செய்வதே ஆபத்து. வோல்ட் இறங்கினால் கத்தும் சின்ன பீப் அலாரம் ஒன்றைப் பேட்டரியில் செருகிவிடுங்கள். 11.1 வோல்ட் போட்டால் பறக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 7.4 வோல்டுக்குக் கணக்குப் போட்ட போர்டு அது. அப்புறம், பிளக் பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடாதீர்கள். ஒரே வடிவப் பிளக்கில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறி வந்த பேட்டரிகள் உண்டு, மல்டிமீட்டரால் ஒருமுறை பார்த்துவிட்டுச் செருகுங்கள். ஓடி முடித்த பேட்டரியை மத்தியான வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டு மசாலா தோசை சாப்பிடப் போகிற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

எல்லா ஸ்குருவுக்கும் ஸ்குரு பசை போடுவது இன்னொரு கெட்ட பழக்கம். உலோகத்தில் உலோகம் முடுக்கும் இடத்தில், உதாரணமாக ஸ்ப்ராக்கெட்டைத் தண்டோடு பிடிக்கும் குட்டி ஸ்குருவில், நீல நிறப் பசை ஒரு துளி போதும். தண்டின் தட்டையான பக்கத்தில் அந்த ஸ்குரு உட்கார வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே பசை டாங்கியின் பிளாஸ்டிக் உடம்பில் பட்டால் நாளடைவில் பிளாஸ்டிக் மொறுமொறுத்து வெடிக்கும். பிளாஸ்டிக்கில் போகிற ஸ்குருவுக்குப் பசையே வேண்டாம். முதலில் பின்பக்கமாகத் திருப்புங்கள், "டிக்" என்று பழைய வரியில் விழுவது விரலுக்குத் தெரியும், அங்கிருந்து முடுக்குங்கள். நேரடியாக முடுக்கினால் ஒவ்வொரு முறையும் புது வரி வெட்டி, கடைசியில் ஓட்டைதான் மிஞ்சும்.

கிரீஸும் அப்படித்தான். WD-40 என்கிற மஞ்சள் நீலக் கேன் ஸ்ப்ரேயைக் கியர்பாக்ஸுக்குள் அடித்தால் சத்தம் அன்றைக்குக் குறையும், ஆனால் இருந்த கிரீஸையும் அது கரைத்து ஓடவிட்டுவிடும். பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் வெள்ளை கிரீஸ் அல்லது சிலிக்கோன் கிரீஸை மெலிதாகத் தடவினால் போதும். திறந்த கியரில் அப்பி வைத்தால் மணல் ஒட்டும். பத்து ஃபெரிங்கி கடற்கரை மணலில் ஓட்டிப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள், உப்பு போகிறவரை டிராக்கை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து அன்றைக்கே காயவைக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஸ்டீல் ஊசிகள் ரொம்ப நாள் பொறுக்காது.

டாங்கியில் புகை விடும் பெட்டியில் நிறைய எண்ணெய் ஊற்றினால் புகை அதிகமாகாது, எண்ணெய் வழிந்து போர்டுக்குத்தான் போகும். அதற்கென்று விற்கும் எண்ணெய் சில துளிகள் போதும், சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், வறண்டு போன பெட்டியை ஓடவிடவும் வேண்டாம். டர்ரெட்டைத் தூக்கும்போது ஒரே இழுப்பில் இழுக்காதீர்கள், கீழே வயர் இருக்கிறது. பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள், அதற்கு முன்னால் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பிளாஸ்டிக் குண்டு சுடும் பெட்டியைப் புதிதாக வாங்கிப் பொருத்துவதைவிட, குண்டுக்குப் பதில் அகச்சிவப்புக் கதிரால் சுடும் வகையே மேல். மலேசியாவில் போலித் துப்பாக்கிச் சட்டம் கடுமையானது, அந்தத் தலைவலி நமக்கு எதற்கு.

ஆன்லைனில் பாகம் வாங்குபவர்கள் படத்தைப் பார்த்துப் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். தமியா என்கிற வேறு கம்பெனியின் ஸ்ப்ராக்கெட் ஹெங் லோங் தண்டில் அப்படியே ஏறும் என்று நினைக்காதீர்கள். டைகர், ஷெர்மன் போன்றவற்றில் கியர்பாக்ஸ் முன்னால், டி-34, டி-72, லெப்பர்டு 2 போன்றவற்றில் பின்னால். தண்டின் நீளமும் மாடலுக்கு மாடல் மாறும். பழையதைக் கழற்றி அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட ஆன்லைன் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது, தவறான பாகத்தைத் திருப்பி அனுப்புகிற தபால் செலவு வேறு.

இப்போது சிலர் ஹெங் லோங் டி-72-ஐ நம் ராணுவத்தின் பெண்டேக்கார் என்கிற பிடி-91எம் டாங்கியாக மாற்றக் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான், மலேசியா போலந்திடம் வாங்கிய அந்த 48 டாங்கிகளும் டி-72 வழி வந்தவைதானே. ஆனால் டர்ரெட் முழுக்க ஒட்ட வேண்டிய அந்தக் கவசக் கட்டிகளைக் கெட்டி ரெசினில் வார்த்தால் டர்ரெட்டைச் சுற்றுகிற சின்ன மோட்டாரும் பிளாஸ்டிக் கியரும் திணறும். 3டி பிரிண்டரில் உள்ளே குழிவாக அச்சடித்து, முன்பக்கம் பின்பக்கம் எடை சமமாக இருக்கிறதா என்று பார்த்து, பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே தற்காலிகமாக ஒட்டி டர்ரெட்டை இரண்டு பக்கமும் முழுதாகச் சுற்றிப் பாருங்கள்.