இருதய மாநாட்டில் கையால் கற்கும் அரங்கு: 90 நிமிடத்தைத் தயார் செய்யும் முறை

இருதய மருத்துவ மாநாடுகளில் கையால் தொட்டும் கண்ணால் பார்த்தும் கற்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. இதய ஒலிகளையும் நாடித்துடிப்பையும் காட்டும் ‘ஹார்வி’ என்ற பொம்மை நோயாளி 1968லேயே அமெரிக்க இதயச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் மேடை ஏறியது. 1977 செப்டம்பரில் முதல் கரோனரி ஆஞ்சியோபிளாஸ்டியை (இதயத் தமனி அடைப்பைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையை) செய்த ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக், அடுத்த ஆண்டே சூரிக்கில் நேரடிச் செயல்முறை வகுப்பு நடத்தினார். இன்று கருவிகள் பெருகிவிட்டன. ஆனால் பங்கேற்பவர் கையில் ப்ரோப் (ஒலி அலையால் இதயத்தைத் திரையில் காட்டும் எக்கோ கருவியில் கையில் பிடிக்கும் பகுதி) எத்தனை நிமிடம் இருந்தது என்பதைக் கணக்குப் பார்க்கும் அமைப்பாளர்கள் குறைவு. இந்தக் குறிப்பு அந்தக் கணக்கிலிருந்து தொடங்குகிறது. எடுத்துக்கொண்ட பாடம், எக்கோ பார்த்துக்கொண்டே இதய உறையில் தேங்கிய நீரை ஊசியால் எடுப்பது.

24 பேர், நான்கு மேசை, மேசைக்கு ஆறு பேர், ஒரு பயிற்றுநர். முதல் 15 நிமிடம் கேள்வியும் போனில் விடை சொல்லும் வாக்கெடுப்பும். பிறகு 30 நிமிடமாக இரண்டு சுற்று: இரண்டு மேசையில் எக்கோ பார்வைகள், இரண்டில் ஊசி, பாதியில் இடம் மாறுவார்கள். கடைசி 15 நிமிடம் மறு வாக்கெடுப்புக்கும் சந்தேகங்களுக்கும். ஆறு பேர் என்றால் ஆளுக்கு 5 நிமிடம் கிடைக்கும். பணம் கட்டியவரை எப்படித் திருப்பி அனுப்புவது என்று மேசைக்கு எட்டுப் பேரைச் சேர்த்தால் நான்கு நிமிடம்கூடக் கிடைக்காது. ஊசி திரவத்தைத் தொடும் முன்பே அடுத்தவர் முறை வந்துவிடும். எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பத்து நாள் முன்பே 15 நிமிடத்துக்கு மிகாத வீடியோ ஒன்றை அனுப்புங்கள். எந்தப் பார்வை, எந்த இடத்தில் ஊசி, எப்போது செய்யக்கூடாது என்பதெல்லாம் அதில் முடிந்துவிட வேண்டும். வகுப்பில் பயிற்றுநர் அதையே மறுபடி உரையாகச் சொன்னால், பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள். அடுத்த ஆண்டு யாரும் வீடியோவைத் திறக்க மாட்டார்கள். பார்க்காமல் வருபவர்களுக்கு வாசலில் ஒரு லேப்டாப்பும் ஹெட்போனும் போதும்.

மாடல் செய்வது

ஊசி மேசையில் நோயாளிக்குப் பதிலாகக் குத்திப் பழக ஒரு மாடல் வேண்டும். கடையில் வாங்குவது விலை அதிகம். ஜெலட்டினில் செய்தது இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். ஒரு மாடலுக்கு 13 செ.மீ. ஆழமுள்ள 3 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, இரண்டரை லிட்டர் தண்ணீர், 250 கிராம் ஜெலட்டின், இரண்டரை மேசைக்கரண்டி இசப்கோல் உமி, ஒரு பெரிய பலூன், ஒரு கோல்ஃப் பந்து, வண்ணம் கலந்த தண்ணீர் 120 மி.லி. வேண்டும்.

இரண்டு பேர் சேர்ந்து பலூனின் வாயை நான்கு விரலால் விரித்துப் பிடித்தால்தான் பந்து உள்ளே போகும். பிறகு வண்ணத் தண்ணீரை ஊற்றி, காற்று முழுவதையும் பிதுக்கி வெளியேற்றிக் கட்டுங்கள். ஒரு குமிழி மிஞ்சினாலும் திரையில் பளிச்சென்ற வெள்ளைக் கோடும் அதன் கீழே நிழலும் விழும். பந்துதான் இதயத் தசை. ஊசி அதைத் தொட்டால் ‘டக்’ என்று கையில் தெரியும். அந்த உணர்வை ஒருமுறை பெற்றவர் எளிதில் மறப்பதில்லை.

ஜெலட்டினைக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக் கரையுங்கள். கொதிக்க விட்டால் உறையும் சக்தி குறையும். மேலே திரளும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். உமியை உடனே போட்டால் அடியில் தங்கிவிடும். கலவை ஆறிக் கொஞ்சம் கெட்டியாகும்போது தூவிக் கலக்குங்கள். உமி இல்லாவிட்டால் திரை முழுக்கக் கறுப்பாக இருக்கும், திசுப்போலத் தோன்றாது. அடர்ந்த உணவு வண்ணமும் சேர்த்துக் கலவையை ஒளிபுகாததாக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் எல்லாரும் டப்பாவுக்குள் தெரியும் பலூனைப் பார்த்துக் குத்துவார்கள், திரையை யாரும் பார்க்க மாட்டார்கள், பயிற்சியே வீணாகிவிடும்.

பலூனின் கட்டில் நூல் கட்டி, அதன் மறுமுனையை டப்பாவின் அடியில் டேப்பால் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பலூன் இடம் நகரக்கூடும். முதலில் 3 செ.மீ. உயரம் ஊற்றி ஃப்ரிட்ஜில் உறையவிட்டு, அதன்மேல் பலூனை வைத்து, கைபொறுக்கும் சூட்டில் மீதியை ஊற்றுங்கள். அதைவிடச் சூடாக இருந்தால் கீழ் அடுக்கு கரையும். பலூனுக்கு மேலே மூன்று செ.மீ.யாவது மூடியிருக்க வேண்டும். இரவு முழுக்க ஃப்ரிட்ஜ். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது, பனி கட்டி உருகினால் தண்ணீர் பிரிந்துவிடும். மாநாட்டு அரங்குக்கு ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். வெயிலில் நின்ற வேனுக்குள் ஜெலட்டின் கூழாகிவிடும்.

பந்து கனமானதால் இந்த மாடலில் திரவம் அதன் மேலே நிற்கும். மல்லாந்து படுத்திருக்கும் நோயாளிக்குத் திரவம் பெரும்பாலும் பின்பக்கம்தான் முதலில் சேரும். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஊசி மேசையில்

ஒவ்வொரு சுற்றுக்கும் மேசைக்கு ஒரு புது மாடல் என்றால் நான்கு, உதிரியாக ஒன்று, ஆக ஐந்து. சிரிஞ்சில் சலைனை நிரப்பிக்கொண்டு குத்தினால் ஜெலட்டினுக்குள் காற்றுக்கோடு விழாது. வெறும் ஊசியால் குத்தினால் மூன்றாமவர் முறை வருவதற்குள் திரை வெள்ளைக் கோடுகளாகிவிடும். குத்தும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். ஆளுக்கு 10 மி.லி. எடுத்துவிட்டு அதையே திரும்பச் செலுத்தச் சொல்லுங்கள். கைட்வயரும் (ஊசி வழியே விடும் வழிகாட்டிக் கம்பி) டைலேட்டரும் (துளையை அகலமாக்கும் குழாய்) கடைசி ஆளுக்கு மட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும். டைலேட்டர் போன துளை மூடாது, திரவம் கசிந்துவிடும். ஒன்பது மி.லி. சலைனையும் ஒரு மி.லி. காற்றையும் த்ரீ-வே என்ற மூவழி இணைப்பான் வழியாக இரு சிரிஞ்சுகளுக்கிடையே கலக்கிச் செலுத்தி ஊசி முனையின் இடத்தை உறுதிசெய்யும் படியும் கடைசியில்தான். குமிழிகள் உள்ளே பரவினால் அந்த மாடலில் பிறகு எதுவும் தெளிவாகத் தெரியாது.

பெரும்பாலோர் தடுமாறும் இடம் வேறு. ப்ரோபின் ஓரத்தில் உள்ள குறி எந்தப் பக்கம் என்பதைத் திரையும் ஒரு குறியால் காட்டும். கார்டியாக் (இதய) செட்டிங்கில் அது திரையின் வலப்பக்கம் வரும். மற்ற அல்ட்ராசவுண்ட் செட்டிங்கில் இடப்பக்கம். கருவி எந்த செட்டிங்கில் இருக்கிறது என்று பார்க்காமல் தொடங்கினால், ஊசியை இடப்பக்கம் நகர்த்த நினைப்பவர் வலப்பக்கம் போவார். ப்ரோபின் ஒரு ஓரத்தை விரலால் தட்டி, திரையில் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்த பிறகே ஊசியைத் தொடச் சொல்லுங்கள்.

பயிற்றுநருக்கு ஒரே விதி: கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும். ப்ரோபை வாங்கிச் சரிசெய்து கொடுப்பது உதவி போலத் தோன்றும். உண்மையில் அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டைப் பறித்துக்கொள்வது அதுதான்.

இந்தியாவில் எக்கோ கருவியை மருத்துவமனையிலிருந்து அரங்குக்குக் கொண்டுபோவது, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடர்புடையது. மாவட்டத்தின் உரிய அதிகாரியிடம் எழுத்து அனுமதியை முன்கூட்டியே வாங்கி, அதன் நகலை மேசையிலேயே வையுங்கள்.

வாக்கெடுப்பு

வாக்கெடுப்பைப் பெரிய அரங்கிலும் பயன்படுத்தலாம். வாக்களிக்கும் பக்கத்தைத் திறக்கும் க்யூஆர் குறியைத் திரையில் காட்டுவது பின்வரிசைக்குப் பயன்படாது: பொதுக்கணக்காக, தொலைவில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும், 20 மீட்டருக்கு 2 மீட்டர் அகலக் குறி. அதற்குப் பதிலாக, அச்சடித்து ஒவ்வொரு இருக்கையிலும் ஒட்டிவிடுங்கள். நூற்றுக்கணக்கான போன்கள் ஒரே நொடியில் வாக்களித்தால் அரங்கின் வைஃபை திணறும். பாதிப் பேரை மொபைல் டேட்டாவில் வரச் சொல்லுங்கள், படம் ஏதும் இல்லாத இலகுவான பக்கமாக வையுங்கள்.

கேள்வி, மருத்துவர் முடிவெடுக்கும் இடத்தில் நிற்க வேண்டும். ‘டாம்போனேடின் (உறையில் தேங்கிய நீர் இதயத்தை அழுத்தும் நிலையின்) மூன்று அறிகுறிகள் யாவை’ என்று கேட்டால் நினைவாற்றல்தான் சோதிக்கப்படும். மார்புவலியோடு வந்தவரின் ஈசிஜியில், வி1 முதல் வி4 வரையிலான லீடுகளில் (மார்பில் ஒட்டும் மின்முனைகளின் பதிவுகளில்) எஸ்டி என்ற பகுதி தாழ்ந்திருக்கிறது. அடுத்து என்ன செய்வீர்கள்? இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருப்பதா, வி7, வி8, வி9 லீடுகளை முதுகில் வைத்துப் பார்ப்பதா? இங்கேதான் அறை இரண்டாகப் பிரியும். ஈசிஜியை 12 லீடும் முழுதாகக் காட்டுங்கள். ஓரம் வெட்டினால் விவாதம் படத்தைப் பற்றியதாகிவிடும்.

வாக்களிக்கும்போது எந்த விடைக்கு எத்தனை வாக்கு என்ற பட்டை ஓடுவதைத் திரையில் காட்டாதீர்கள். முன்னணியில் இருக்கும் விடைக்கே மற்றவர்களும் போவார்கள். சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் வந்தால், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லி மறுபடி வாக்கெடுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் இயற்பியல் வகுப்புக்கு உருவாக்கிய முறை இது; ஈசிஜிக்கு அப்படியே பொருந்தும். 70க்கு மேல் போனால் ஒரு வரி விளக்கத்தோடு நகருங்கள். 30க்குக் கீழே என்றால் அடிப்படையையே விளக்க வேண்டும், பேச்சு உதவாது.

நேரடி ஒளிபரப்பும் ஹெட்செட்டும்

கேத் லேபிலிருந்து (ரத்தக் குழாய் வழியே இதயச் சிகிச்சை செய்யும் அறையிலிருந்து) நேரடி ஒளிபரப்பு வைத்தால் இரண்டு வெவ்வேறு நிறுவனத்தின் இணைய இணைப்பு வேண்டும். சிகிச்சை செய்பவர் பேச வேண்டாம். விளக்கம் சொல்ல உள்ளே இன்னொரு மருத்துவர் நிற்கட்டும். ஒளிபரப்பைத் துண்டிக்கும் உரிமை லேபில் இருப்பவரிடமே இருக்க வேண்டும், மேடை எத்தனை பரபரப்பாக இருந்தாலும். மானிட்டர் மூலையில் நோயாளியின் பெயரும் எண்ணும் ஓடிக்கொண்டிருக்கும். முதல் நாளே பார்த்து மறையுங்கள். சிக்கலான நோயாளி என்றால் முன்பே பதிவு செய்து, முடிவெடுக்கும் இடங்களில் நிறுத்தி விவாதிப்பது நல்லது. நோயாளியின் நேரம் யாருக்காகவும் நீளாது.

முப்பரிமாணக் காட்சியைக் கண்முன் காட்டும் விஆர் ஹெட்செட்டைப் பிறவிக் குறைபாடுள்ள இதயத்தின் உள்ளமைப்பைச் சுற்றிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடத்துக்கு மேல் போடாமல் உட்காரவைத்துக் காட்டுங்கள், தலைசுற்றும்.

இரண்டு வாரம் கழித்து அதே முடிவுக் கேள்வியை வேறு நோயாளியின் படத்தோடு போனுக்கு அனுப்புங்கள், இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை. கலைவதற்கு முன் ஒவ்வொரு மேசையிலும் கொடுத்த ஊசிகளை எண்ணி, துளைக்க முடியாத டப்பாவில் போட்டு மூடுங்கள். ஒன்று குறைந்தால் கம்பளத்தைத் தேடி முடிக்கும் வரை அரங்கின் கதவைத் திறக்காதீர்கள்.