வெப் சர்வீஸில் சொந்த கிளாஸ்: கிளையன்ட் பக்கம் எங்கே உடைகிறது?

டபிள்யூசிஎஃப் (WCF, மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் சர்வீஸ் எழுதும் கட்டமைப்பு) சர்வீஸ்களைப் பராமரிக்கப் புதிதாக வருகிறவர்களின் கோடைப் பார்க்கும்போது, சொந்த கிளாஸை சர்வீஸ் வழியாக அனுப்புவதில் எங்கள் டீம் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகள் திரும்ப வருகின்றன. ஆட்ரிப்யூட் போட மறப்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

மெத்தடையும் எதிர்பார்ப்பது

சர்வீஸை விவரிக்கும் எக்ஸ்எம்எல் ஃபைலான டபிள்யூஎஸ்டிஎல்லில் (WSDL) கிளாஸின் வடிவம் மட்டுமே இருக்கும். அதைப் படித்து விஷுவல் ஸ்டுடியோ கிளையன்ட் பக்கம் உருவாக்கும் நகல் கிளாஸான ப்ராக்ஸிக்குப் பெயர் ஒன்றாக இருந்தாலும் அது உங்கள் கிளாஸ் இல்லை. நீங்கள் எழுதிய மெத்தட் எதுவும் அதில் இருக்காது. இரண்டு பக்கமும் உங்கள் கையில் இருந்தால், கிளாஸைத் தனி டிஎல்எல்லில் வைத்து கிளையன்டில் சேர்த்துவிட்டு, அதன்பிறகு சர்வீஸ் ரெஃபரன்ஸ் எடுங்கள்.

நேம்ஸ்பேஸ் கொடுக்காமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. டேட்டா கான்ட்ராக்டில் (கிளாஸை சர்வீஸ் வழியாக அனுப்பலாம் என்று குறிக்கும் ஆட்ரிப்யூட்) நேம்ஸ்பேஸ் எழுதாவிட்டால், '2004/07' என்று முடியும் மைக்ரோசாஃப்ட் முகவரியோடு உங்கள் சி ஷார்ப் நேம்ஸ்பேஸை டபிள்யூசிஎஃப் தானாக ஒட்டிக்கொள்ளும். அதாவது, உங்கள் உள்வீட்டு ஃபோல்டர் அமைப்பே வெளியாருடன் போட்ட ஒப்பந்தமாகிவிடும்.

ஒரு பில்லிங் ப்ராஜெக்டில் ஒருவர் கோடைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளாஸ்களை வேறு நேம்ஸ்பேஸுக்கு மாற்றினார். பில்ட் ஆனது, யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை. வெளியே இருந்த கிளையன்ட்களோ பழைய ப்ராக்ஸியிலேயே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சர்வீஸ் எரர் தரவே இல்லை. தனக்குத் தெரியாத எக்ஸ்எம்எல் எலிமென்டை அது சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். வாடிக்கையாளர் பெயர் நல், தொகை 0 என்று பில்கள் டேட்டாபேஸில் ஏறின. அக்கவுண்ட்ஸ் பிரிவு கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

முதல் நாளே நேம்ஸ்பேஸை நீங்களே எழுதுங்கள். தொகை போன்ற கட்டாய ப்ராப்பர்டிக்கு 'இஸ்ரெக்வயர்ட்' (IsRequired) போடுங்கள். மதிப்பு வராவிட்டால் அழைப்பு அங்கேயே தோற்கும், தவறான பில் உள்ளே போகாது.

எலிமென்ட் வரிசையிலும் இதே ஆபத்து உண்டு. ஆர்டர் எண் கொடுக்காத ப்ராப்பர்டிகளை டபிள்யூசிஎஃப் ஆங்கில அகரவரிசையில் எதிர்பார்க்கும். கையால் எக்ஸ்எம்எல் எழுதும் பிஹெச்பி கிளையன்ட் வரிசையை மாற்றினால் மறுபடியும் நல்தான். பின்னால் சேர்க்கும் ப்ராப்பர்டிக்கு ஆர்டர் எண் கொடுத்துவிட்டால் அது கடைசியில் போய் நிற்கும்.

டிரைவ்டு கிளாஸை ரிட்டர்ன் செய்வது

டிரைவ்டு கிளாஸ் எது என்று சர்வீஸுக்குத் தெரிய, 'நோன்டைப்' (KnownType) ஆட்ரிப்யூட் போடுங்கள். டபிள்யூசிஎஃப்புக்கு முந்தைய ஏஎஸ்எம்எக்ஸ் (ASMX) சர்வீஸ் என்றால் 'எக்ஸ்எம்எல்இன்க்லூட்' (XmlInclude).

டேட்டாசெட்டை அப்படியே அனுப்புவது

வேண்டாம். அது டாட்நெட்டுக்கே உரிய டேபிள் தொகுப்பு. ஜாவா கிளையன்ட் எழுதுகிறவர் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.