பார்பெல்லுக்குத் துணையாக டம்பெல்

என் பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து எடையை மார்பிலிருந்து மேலே தள்ளுவது) 70 கிலோவில் இரண்டு மாதம் அப்படியே நின்றுவிட்டது. வாரம் மூன்று நாள், ஒரு செட்டுக்கு (சுற்றுக்கு) 5 ரெப் (தடவை), அப்படி 5 செட் என்று பார்பெல் (இரு முனையிலும் எடைத்தட்டு மாட்டும் நீண்ட கம்பி) மட்டுமே தூக்கிக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் செல்போனைத் தலைமாட்டில் வைத்து வீடியோ எடுத்துப் பார்த்தேன். கடைசி செட்டில் பாரின் வலது முனை மேலே போய்விடுகிறது, இடது முனை தள்ளாடிக்கொண்டு பின்னால் வருகிறது. அடுத்த முறை 22.5 கிலோ டம்பெல்லை ஒவ்வொரு கையாகத் தூக்கிப் பார்த்தேன். வலது கை 11 ரெப் போட்டது. இடது கை 7-லேயே நின்றுவிட்டது. பாரில் இரண்டு கைகளும் ஒரே கம்பியைப் பிடித்திருப்பதால் வலுவான கை மற்றதன் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறது. டம்பெல்லில் அதற்கு வழியே இல்லை.

அந்த உற்சாகத்தில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்ய வேண்டாம். ஒரே வாரத்தில் ஐந்து டம்பெல் பயிற்சிகளைச் சேர்த்தேன். அடுத்த வாரமே சிரமமில்லாமல் போட்டுக்கொண்டிருந்த 100 கிலோ ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) மூன்றாவது ரெப்பில் உட்கார்ந்துவிட்டது. முதுகும் தொடையும் ஏற்கெனவே களைத்திருந்தன. துணைப் பயிற்சி பாரின் எடையை ஏற்றத்தான். பாரில் தூக்கும் எடை இறங்கினால் டம்பெல்லைக் குறைக்க வேண்டும்.

எனவே ஒரு நாளைக்கு இரண்டு பயிற்சிகள், தலா மூன்று செட், எப்போதும் பார்பெல் முடிந்த பிறகு. இதற்கு மேல் முதல் இரண்டு மாதத்தில் தேவையே இல்லை.

எடையை எப்படித் தேர்ந்தெடுப்பது? டம்பெல் பெஞ்ச் பிரஸ்ஸுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: பாரில் 5 ரெப் போடும் எடையில் பாதியை எடுத்து, அதை இரண்டு கைக்கும் பிரித்துவிடுங்கள். 70 கிலோ என்றால் கைக்கு 17.5. முதல் நாள் லேசாகத் தோன்றும், பரவாயில்லை. 8 ரெப்பில் தொடங்குங்கள். மூன்று செட்டிலும் 12 வந்த பிறகுதான் அடுத்த டம்பெல்லை எடுக்க வேண்டும். காரணம் இருக்கிறது. பாரில் பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட் போட்டால் மொத்தம் 2.5 கிலோதான் கூடும், 70 கிலோவுக்கு அது 4 சதவீதம்கூட இல்லை. டம்பெல்லில் 17.5-லிருந்து 20-க்குத் தாவினால் ஒரேயடியாக 14 சதவீதம். அதனால் முதலில் ரெப்பைக் கூட்டுங்கள், எடை அப்புறம். ஒவ்வொரு செட்டிலும் இன்னும் ஒன்றிரண்டு ரெப் போட முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள்.

எந்தப் பயிற்சி என்பது பார் எங்கே திணறுகிறது என்பதைப் பொறுத்தது. பெஞ்சுக்கு, பலகையின் தலைப்பக்கத்தைச் சுமார் 30 டிகிரி உயர்த்தி டம்பெல் பிரஸ், கூடவே ஒரு கை ரோ (குனிந்து டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது). ஓவர்ஹெட் பிரஸ்ஸில் (எடையைத் தலைக்கு மேல் தள்ளுவதில்) ஒரு பக்கம் சாய்ந்தால் உட்கார்ந்தபடி ஒற்றைக் கை பிரஸ். ஒற்றைக் கையாகச் செய்வதையெல்லாம் பலவீனமான கையில் தொடங்குங்கள். அது எத்தனை போடுகிறதோ வலுவான கையும் அத்தனையோடு நிற்க வேண்டும். இதில் பொறுமை வேண்டும், வலது கை இன்னும் மூன்று போடத் துடிக்கும்.

ஸ்குவாட்டுக்கு நான் மனதாரப் பரிந்துரைப்பது பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட். பின்னங்காலை பெஞ்சின் மேல் வைத்து, முன்னங்காலில் மட்டும் உட்கார்ந்து எழ வேண்டும். முதல் வாரம் வெறுங்கையோடு செய்யுங்கள், உடல் ஆடுவது நிற்கட்டும். பிறகு கைக்கு 5 கிலோ போதும். மறுநாள் படியிறங்கும்போது தொடையும் இடுப்பும் சொல்லும். அதனால் இதை டெட்லிஃப்டுக்கு (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வதற்கு) முந்தைய நாள் வைக்காதீர்கள். டெட்லிஃப்டுக்குத் தனியாக அதிகம் தேவைப்படாது. பிடி வழுக்கினால் கனமான டம்பெல் இரண்டைப் பிடித்துக்கொண்டு ஜிம்மின் நீளத்துக்கு நடந்து வாருங்கள்.

தோள்பட்டையில் சுருக்கென்று வலித்தால் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி பிடித்துப் பாருங்கள். அப்படியும் வலித்தால் அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள். செட் முடிந்ததும் படுத்தபடியே டம்பெல்லைப் பக்கவாட்டில் விடக் கூடாது, தோள் பிசகக்கூடும். முழங்காலை உயர்த்தி டம்பெல்லைத் தொடைமேல் வைத்து, அந்தக் கனத்தோடேயே எழுந்து உட்காருங்கள்.

எனக்கு மூன்று மாதம் பிடித்தது. இடது கை 22.5 கிலோவில் 10-ஐத் தொட்ட வாரம், பாரில் 75 கிலோ ஏறியது. வீடியோவில் இரண்டு முனையும் ஒரே உயரத்தில் போயின.