தரச்சான்றுத் திட்டமா? முதலில் ஒரு கேள்வியை மாற்றுங்கள்

"மாணவர்களின் விமர்சனச் சிந்தனையை வளர்ப்போம்" என்று கல்லூரியின் தரச்சான்றுக்காக (அங்கீகாரத்துக்காக) எழுதும் திட்டத்தில் சேர்ப்பது சுலபம். வளர்ந்ததா என்று காட்டுவதுதான் கடினம். புதுப் பாடம் சேர்க்கும் முன், ஏற்கெனவே நடக்கிற பாடத்தில் ஒரே ஒரு கேள்வியை மாற்றிப் பாருங்கள்.

"பணவீக்கத்தின் காரணங்களை விளக்குக" என்றால் மனப்பாடம் போதும். அதற்குப் பதில், முரண்படும் இரண்டு கட்டுரைகளைக் கொடுத்து, "எது எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது? எந்த ஆதாரம் கிடைத்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் உயிர். அங்கேதான் பேனா நின்று யோசனை தொடங்கும்.

மதிப்பிட, அமெரிக்கக் கல்லூரிகள் மற்றும் பல்கலைக்கழகங்கள் சங்கம் 2009-இல் வெளியிட்ட, விமர்சனச் சிந்தனைக்கான 'வேல்யூ' ரூப்ரிக் (மதிப்பீட்டு அளவுகோல் அட்டவணை) கைகொடுக்கும். பிரச்சினையை விளக்குதல், ஆதாரம், சூழலும் அனுமானங்களும், மாணவரின் நிலைப்பாடு, முடிவு என 5 கூறுகள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 வரை படிநிலை. எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் பிடிக்க வேண்டாம். ஆதாரம், அனுமானம் இரண்டும் போதும்.

திருத்தும் முன், ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே 5 விடைத்தாள்களுக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிடுங்கள். ஒருவர் 2 போட்ட இடத்தில் இன்னொருவர் 4 போட்டிருப்பார். அதில் எழும் வாக்குவாதத்தை அவசரமாக முடிக்காதீர்கள், எது 2, எது 4 என்று எல்லாரும் ஒத்துப்போவது அங்கேதான். முதல் பருவ விடைத்தாள்களையும் பத்திரப்படுத்துங்கள். இறுதியாண்டில் ஒப்பிட்டுக் காட்ட அவை வேண்டும்.